ஜிபிஎஸ் அப்ரோச்சில் கருவி ஒத்துழைக்காதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

செஸ்னா 172, பைப்பர் ஆர்ச்சர் போன்ற ஒற்றை என்ஜின் விமானத்தில், கார்மின் ஜிஎன்எஸ் 430டபிள்யூ அல்லது ஜிடிஎன் 650 என்ற ஜிபிஎஸ் கருவி வைத்து, அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏவின் சார்ட்டின்படி ஆர்நாவ் ஜிபிஎஸ் அப்ரோச் (செயற்கைக்கோள் வழிகாட்டலில் ரன்வேயை நோக்கி இறங்கும் முறை) பறப்பவர்களுக்கான குறிப்பு இது. பட்டன் பெயர்கள் 430டபிள்யூவினுடையவை. வேறு கருவியில் பட்டன் மாறும். உள்ளே நடப்பது பெரும்பாலும் இதேதான்.

எந்தக் கோளாறானாலும் முதலில் கண் போக வேண்டிய இடங்கள் மூன்று. சிடிஐ (பாதை விலகலைக் காட்டும் ஊசி எதைப் பின்பற்றுகிறது என்பதை மாற்றும்) பட்டனுக்கு மேலே ஜிபிஎஸ் என்று இருக்கிறதா, விலாக் (தரை நிலைய ரேடியோ வழிகாட்டல்) என்று இருக்கிறதா? ஓபிஎஸ் பட்டனுக்கு மேலே சஸ்ப் (அடுத்த லெக்குக்கு, அதாவது பாதையின் அடுத்த பகுதிக்கு, போகாமல் நிறுத்தி வைத்திருக்கிறது) என்று எரிகிறதா? திரையின் கீழ் இடது மூலையில் டெர்ம் (விமான நிலையத்தைச் சுற்றிய பகுதி), எல்பிவி (செங்குத்து வழிகாட்டலும் உள்ள துல்லிய நிலை), எல்நாவ் (பக்கவாட்டு வழிகாட்டல் மட்டும்) இவற்றில் எது நிற்கிறது? "ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை" என்று தரையிறங்கிய பின் எழுதப்படும் புகார்களில் நிறைய, செயற்கைக்கோளோடு சம்பந்தமே இல்லாதவை. கருவி தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்துகொண்டிருக்கும். என்ன சொல்லப்பட்டது என்பதை அந்த மூன்று இடங்கள் காட்டிவிடும்.

பிழை நீக்கும் வேலையெல்லாம் பைனல் அப்ரோச் ஃபிக்ஸை, அதாவது கடைசி இறக்கம் தொடங்கும் குறியிடமான எஃப்ஏஎஃப்பைத் தாண்டும் முன்பு முடிந்திருக்க வேண்டும். தாண்டிய பிறகு மேகத்துக்குள் பட்டன் தேடக் கூடாது. பவர் கொடுத்து, ஏறி, ஏடிசியிடம் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) சொல்லி, மேலே போய்ப் பாருங்கள்.

கிளைடுபாத் வரவே இல்லை

ஊசி நடுவில் நிற்கிறது, எஃப்ஏஎஃப் 3 மைலில் இருக்கிறது, கிளைடுபாத்தை, அதாவது இறங்கும் சாய்வை, காட்டும் செங்குத்து ஊசி இருக்கும் இடத்தில் கொடி (வழிகாட்டல் இல்லை என்ற அறிவிப்பு) மட்டும். அதிகம் நிகழ்வதிலிருந்து அரிதானதற்கு வரிசையாகப் பார்ப்போம்.

சிடிஐ விலாக்கில் இருப்பதுதான் முதல் காரணம். முந்தைய அப்ரோச் ஐஎல்எஸ் (ரன்வே ரேடியோ அலை வழியே இறங்கும் முறை) ஆக இருந்து, அடுத்ததை ஜிபிஎஸ்ஸாக லோடு செய்தால் கருவி தானாக ஜிபிஎஸ்ஸுக்குத் திரும்பாது. ஆபத்து என்னவென்றால், ஐஎல்எஸ்ஸின் பக்கவாட்டு வழிகாட்டியான பழைய லோக்கலைசர் அலைவரிசை இன்னும் போட்டிருந்தால் ஊசி உயிரோடு இருக்கும், நம்பும்படியாகவும் நகரும். அதனால் ஊசி அசைவதை வைத்து முடிவு செய்யாமல் பட்டனுக்கு மேலே உள்ள எழுத்தைப் படியுங்கள்.

இரண்டாவது, சஸ்ப். கோர்ஸ் ரிவர்ஸலுக்காக (எதிர்த்திசை திரும்ப) ஹோல்டிங் பேட்டர்னில், அதாவது ஒரு ஃபிக்ஸில் சுற்றும் பாதையில், போனால், ஒரு சுற்று முடிந்து உள்நோக்கித் திரும்பியதும் கருவி வழக்கமாகத் தானே அடுத்த லெக்குக்குப் போய்விடும். உயரம் இறக்க இன்னொரு சுற்று வேண்டுமென்று ஓபிஎஸ்ஸை அழுத்தியிருப்பீர்கள். அதை மறுபடி அழுத்தி விடுவிக்க மறந்தால் ஃபிக்ஸைத் தாண்டியும் கருவி அதே ஃபிக்ஸையே பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்த லெக் தொடங்காததால் அப்ரோச் மோடும் வராது, கிளைடுபாத்தும் வராது. கடைசிச் சுற்றின் உள்நோக்கிய திருப்பத்திலேயே ஓபிஎஸ்ஸை விடுவித்து, சஸ்ப் அணைந்ததைக் கண்ணால் பாருங்கள்.

மூன்றாவது, அப்ரோச் லோடு மட்டும் ஆகி ஆக்டிவேட் ஆகாமல் இருப்பது. எஃப்பிஎல் (ஃப்ளைட் பிளான்) பக்கத்தில் மெஜந்தா அம்பு எந்த லெக்கைக் காட்டுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அம்பு இன்னும் ஏர்போர்ட்டை நோக்கி இருந்தால் அப்ரோச் தொடங்கவே இல்லை.

நான்காவது, அந்த அப்ரோச்சுக்கே செங்குத்து வழிகாட்டல் கிடையாது. சார்ட்டின் மினிமா (எவ்வளவு தாழ இறங்கலாம் என்ற) பகுதியில் எல்பிவி அல்லது எல்நாவ்/விநாவ் வரி இல்லை, எல்நாவும் சர்க்ளிங்கும் (சுற்றி வந்து இறங்குவது) மட்டுமே என்றால் கொடி நிற்பதுதான் சரி. எல்பி வரி இருந்தாலும் அது பக்கவாட்டுத் துல்லியம் மட்டுமே, இறக்கத்துக்கு உதவாது.

ஐந்தாவது, கருவி வெறும் 430, டபிள்யூ இல்லாதது. வாடகை விமானங்களில் இது சகஜம், முகப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். பவர் போட்டதும் வரும் தொடக்கத் திரையில் பெயரைப் பாருங்கள். எஃப்ஏஏவின் டிஎஸ்ஓ சி129 தரத்தில் வந்த பழைய கருவிகளுக்கு எல்பிவி கிடையாது. சி146 தரக் கருவிக்கே உண்டு. கருவி சரியாக இருந்தும் விமானத்தின் ஃப்ளைட் மேனுவல் சப்ளிமென்ட் எல்பிவியை அனுமதிக்காமல் இருக்கலாம். அதைத் தரையிலேயே படித்துவிட வேண்டும்.

எல்பிவி எதிர்பார்த்தோம், எல்நாவ் வந்தது

எஃப்ஏஎஃப்புக்குச் சுமார் 60 விநாடி முன்பு 430டபிள்யூ ஒரு கணக்குப் பார்க்கிறது. அப்போதைய செயற்கைக்கோள் அமைப்பில், நிலையின் பிழை எவ்வளவு வரை போகக்கூடும் என்ற மேல்வரம்பை, அப்ரோச்சுக்கான எச்சரிக்கை எல்லையோடு ஒப்பிடுகிறது. எல்பிவிக்குப் பக்கவாட்டு எல்லை 40 மீட்டர். செங்குத்தில் 50 மீட்டர், 200 அடி வரை இறக்கும் அப்ரோச்சுகளில் 35 மீட்டர். எல்நாவுக்குப் பக்கவாட்டில் 556 மீட்டர் வரை போகலாம், செங்குத்துக் கணக்கே இல்லை. எல்பிவி தேறாவிட்டால் தரம் இறங்கிவிட்டது, எல்நாவ் மினிமாவைப் பயன்படுத்து என்ற செய்தி வரும். எல்நாவும் தேறாவிட்டால் அப்ரோச்சைக் கைவிடச் சொல்லும்.

எல்லைகளின் வித்தியாசத்தைப் பார்த்தாலே ஒன்று புரியும்: தரம் இறங்கியதால் நிலை தவறிவிட்டது என்று அர்த்தமில்லை. பக்கவாட்டில் அதே ஊசியை நம்பிப் பறக்கலாம். மாற வேண்டியது உங்கள் உயரத் திட்டம். எல்பிவிக்கு டிஏ (முடிவெடுக்கும் உயரம்) 450 அடி, எல்நாவுக்கு எம்டிஏ (குறைந்தபட்ச இறக்க உயரம்) 760 அடி என்று வைத்துக்கொள்வோம். 450இல் முடிவெடுத்துத் தாழ்ந்து ஏறுவது எல்பிவியில் அனுமதிக்கப்பட்டது. 760இல் ஓர் அடிகூடக் கீழே போகக் கூடாதது எல்நாவில். இரண்டு எண்களையும் பிரீஃபிங்கின்போதே வாய்விட்டுச் சொல்லி வைத்திருந்தால், செய்தி வந்ததும் ஆல்டிமீட்டரின் (உயரமானி) பக் என்ற குறி ஒன்றைத் திருப்புவதோடு வேலை முடிந்தது. சொல்லி வைக்காதவர் அந்த 60 விநாடியில் சார்ட்டின் அடிப்பகுதியைத் தேடிக்கொண்டிருப்பார்.

அடிக்கடி தரம் இறங்குகிறதென்றால் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து சிக்னல் பட்டைகளில் டி என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். அது வாஸ் (ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் அமெரிக்கச் செயற்கைக்கோள் சேவை) திருத்தம் சேர்ந்திருப்பதைக் காட்டுகிறது. பட்டைகள் உயரமாக இருந்தும் எதிலும் டி இல்லையென்றால் எஸ்பாஸ் (இத்தகைய திருத்தச் சேவைகளின் பொதுப்பெயர்) தேர்வுப் பக்கத்துக்குப் போங்கள். யாரோ வாஸை அணைத்து வைத்திருப்பார்கள். பட்டைகளே குட்டையாக இருந்தால் ஆன்டெனாவைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தியாவில் பறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே வாஸ் இடத்தில் இருப்பது விமான நிலைய ஆணையமான ஏஏஐயும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ககன். செங்குத்து வழிகாட்டலோடு கூடிய ஏபிவி 1 சேவைக்கு 2015 ஏப்ரலில் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரல் 28 அன்று கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் 72 விமானம் ககன் வழியாக எல்பிவி அப்ரோச்சில் இறங்கியது. உங்கள் கருவியின் எஸ்பாஸ் பட்டியலில் ககன் இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அடுத்தது வானம். காந்த நடுக்கோடு தென் தமிழகத்தையும் கேரளத்தின் தென்முனையையும் ஒட்டிப் போகிறது. சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம், குறிப்பாகச் சம இரவு மாதங்களில், இந்தப் பகுதியின் அயனமண்டலம் சிக்னலைச் சிதறடிக்கும். மாலை 8 மணிக்குச் செங்குத்து வழிகாட்டல் விட்டுவிட்டு வந்தால் கருவியைக் குறை சொல்லும் முன் இதையும் கணக்கில் எடுங்கள்.

சார்ட்டில் கிளைடுபாத் இல்லை, கருவியில் வருகிறது

கீழ் மூலையில் எல்நாவ்+வி என்று இருக்கும். அந்த வி, கார்மின் தன் கணக்கில் வரைந்து தரும் ஆலோசனைச் சாய்வு. எம்டிஏ வரை சீராக இறங்க அது நல்ல உதவி, தாராளமாகப் பயன்படுத்துங்கள். எம்டிஏவுக்குக் கீழே அது தடைகளிலிருந்து விலக்குவதாக யாரும் உறுதி தரவில்லை. வழியில் உள்ள படியிறக்க உயரங்களையும் ஆல்டிமீட்டர் பார்த்து நீங்கள்தான் காக்க வேண்டும்.

இதில் உயிர்ச்சேதம் வரைக்கும் கொண்டுபோகக் கூடியது ஆட்டோபைலட். எல்பிவி கிளைடுபாத்தை எப்படிப் பிடிக்குமோ அப்படியே +வியையும் பிடித்து, எம்டிஏவைத் தாண்டி நேராகக் கீழே போய்க்கொண்டே இருக்கும். சம உயரத்தில் நிறுத்துவது உங்கள் கை. எம்டிஏவுக்கு 100 அடி மேலேயே கை ஆல்ட் (உயரத்தை நிலைநிறுத்தும்) பட்டனில் இருக்கட்டும். எஃப்ஏஏ சார்ட்டின் பக்கவாட்டுப் படத்தில், ரன்வேக்கு முன்னால் சாம்பல் நிற நிழல் பட்டை இருந்தால் 34க்கு 1 சரிவில் தடை இல்லை என்று அர்த்தம். நிழல் இல்லையென்றால், ரன்வே விளக்குகள் தெரிந்த பிறகும் இருட்டில் மரமும் கோபுரமும் குறுக்கே இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏடிசி சொன்ன ஃபிக்ஸ் பட்டியலில் இல்லை

வெக்டர்ஸ் டு பைனலை (ஏடிசி சொல்லும் திசைகளில், அதாவது வெக்டர்களில், பைனலுக்குப் போவதற்கான தேர்வு) அவசரப்பட்டு ஆக்டிவேட் செய்ததன் விளைவு. பழைய மென்பொருளில் அதை அழுத்தியதும் எஃப்ஏஎஃப்புக்கு முந்தைய ஃபிக்ஸ்கள் எல்லாம் பிளானிலிருந்து மறைந்துவிடும். பிறகு கன்ட்ரோலர் மனம் மாறி இன்டர்மீடியட் ஃபிக்ஸுக்கு நேராகப் போகச் சொன்னால், போக ஃபிக்ஸ் இருக்காது. ப்ராக் (ப்ரொசீஜர்) பக்கத்துக்குப் போய் அப்ரோச்சை ட்ரான்சிஷனோடு (அதற்குள் நுழையும் வழி) மறுபடி லோடு செய்வதுதான் வழி. பரபரப்பான நேரத்தில் அதற்கு அரை நிமிடம் போய்விடும்.

இதைத் தவிர்க்க, வெக்டர் வரும் என்று சொன்னாலும் அப்ரோச்சை அருகிலுள்ள ட்ரான்சிஷனோடு முழுதாக லோடு செய்யுங்கள். கடைசி வெக்டர் கிடைத்ததும் எஃப்பிஎல் பக்கத்தில் கர்சரை எஃப்ஏஎஃப் மேல் வைத்து, டைரக்ட் டு பட்டனை இரண்டு முறை தட்டி என்டர் கொடுத்தால் எஃப்ஏஎஃப்புக்குள் வரும் லெக் ஆக்டிவேட் ஆகும். ஒரே முறை தட்டினால், நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து எஃப்ஏஎஃப்புக்கு ஒரு நேர்க்கோடு போட்டுவிடும். அந்தக் கோடு பைனல் கோர்ஸோடு ஒத்துப்போகாது. மேகத்துக்குள் எஃப்ஏஎஃப் மேல் வந்து பெரிய கோணத்தில் திரும்ப நேரும். இன்டர்மீடியட் ஃபிக்ஸுக்கு நேராக, 90 டிகிரிக்கு மிகாத திருப்பத்தோடு அனுப்புவது ஏற்கத்தக்கது. எஃப்ஏஎஃப்புக்கே நேராக அனுப்பினால் மறுத்துவிட்டு வெக்டர் கேளுங்கள்.

அப்ரோச்சே பட்டியலில் இல்லையென்றால் டேட்டாபேஸ் தேதியைப் பாருங்கள். 28 நாளுக்கு ஒரு சுழற்சி. கையால் லாட்டிட்யூட், லாங்கிட்யூட் அடித்து அப்ரோச்சைத் தயாரிப்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

ஊசி திடீரென ஓரத்துக்கு ஓடுகிறது

விமானம் நகரவில்லை, அளவுகோல் சுருங்கியது. 430டபிள்யூவில் என்ரூட்டில் (நீண்ட வழிப் பயணத்தில்) முழு விலகல் 2 கடல் மைல், சேரும் இடத்திலிருந்து 31 மைலுக்குள் 1 மைல். எஃப்ஏஎஃப்புக்கு 2 மைல் முன்பிருந்து அது சுருங்கத் தொடங்கி, எஃப்ஏஎஃப்பில் 0.3 மைலோ 2 டிகிரியோ எது குறைவோ அதுவாகி, பிறகு லோக்கலைசர் போலக் கோணமாகக் குறுகி, ரன்வே தொடக்கத்தில் பக்கத்துக்கு 350 அடியில் நிற்கும். 1 மைல் அளவில் அரைப் புள்ளி விலகல்தானே என்று விட்டுவைத்தவருக்கு, சுருங்கியபின் அதே விலகல் பெரிய விலகலாகத் தெரியும். சுருங்கும் முன்பே ஊசியை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு 5 டிகிரிக்கு மேல் திருத்தம் தேவைப்படாது.

பழைய சி129 கருவியில் இந்தக் கோணச் சுருக்கம் கிடையாது, 0.3 மைல் என்பது ரன்வே வரை அப்படியே நிற்கும். அதில் பழகியவர் டபிள்யூவுக்கு மாறியதும் கடைசி 2 மைலில் ஊசியைத் துரத்துவார். 90 நாட் (மணிக்குக் கடல் மைல்) தரைவேகத்தில் 3 டிகிரி சாய்வுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 480 அடி இறக்கம், 120 நாட்டில் 640 அடி. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பவரை அதற்கு வைத்துவிட்டால் செங்குத்து ஊசி துள்ளாது.

ஆட்டோபைலட் பிடிக்க மறுக்கிறது

சில பழைய ஆட்டோபைலட்டுகளில் ஜிபிஎஸ்எஸ் ஸ்டியரிங் மோடில் (ஜிபிஎஸ்ஸே திருப்பும் முறை) இருக்கும்வரை கிளைடுஸ்லோப் ஆர்ம் ஆகாது, அதாவது இறங்கும் சாய்வைப் பிடிக்கத் தயாராகாது. பைனல் கோர்ஸில் நிலைத்ததும் அப்ரோச் மோடுக்கு மாற்றியாக வேண்டும். ஆல்ட் ஹோல்டு ஈடுபட்டிருக்க வேண்டும், விமானம் கிளைடுபாத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் பலவற்றில் உண்டு. மேலிருந்து விழுந்து பிடிக்க எதிர்பார்க்க வேண்டாம்.

ஹெச்எஸ்ஐ (திசையையும் கோர்ஸையும் சேர்த்துக் காட்டும் கருவி) இல்லாமல் சாதாரண டைரக்ஷனல் கைரோவோடு கேஏபி 140 ஆட்டோபைலட் இருக்கும் விமானங்களில், அப்ரோச் பட்டனை அழுத்தியதும் ஹெச்டிஜி என்று 5 விநாடி மின்னும். ஹெடிங் பக்கைப் பைனல் கோர்ஸுக்குத் திருப்பு என்ற நினைவூட்டல் அது. திருப்பாவிட்டால் கோர்ஸுக்கு வேறொரு திசையை ஆதாரமாக வைத்துக்கொண்டு விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். இயந்திர ஹெச்எஸ்ஐ உள்ளவற்றில் கோர்ஸ் முள்ளைக் கையால் பைனல் கோர்ஸுக்கு வைக்க வேண்டும். கைரோ திசைகாட்டியோடு 10 டிகிரி விலகியிருந்தாலும் இதே இழுப்பு வரும் என்பதால், அதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

கிளைடுபாத் சரி, ஆல்டிமீட்டர் வேறு எண் காட்டுகிறது

எல்பிவியின் சாய்வு வடிவக் கணிதம்; காற்றழுத்தத்தை அது அறியாது. உங்கள் டிஏவோ ஆல்டிமீட்டரில் படிக்கும் எண். இரண்டும் சந்திக்கும் சோதனைச் சாவடி எஃப்ஏஎஃப். சார்ட்டில் அங்கே கிளைடுபாத் கடக்கும் உயரம் அச்சிட்டிருக்கும். கடக்கும்போது ஆல்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். ஆல்டிமீட்டர் செட்டிங்கில் 0.10 அங்குலம் தவறினால் 100 அடி, 1 அங்குலம் தவறினால் ஏறக்குறைய 1000 அடி. 29.85ஐ 30.85 என்று வைத்துவிட்டால் ஊசி இரண்டும் நடுவில் நின்றபடியே இருக்கும், கருவி ஒரு எச்சரிக்கையும் தராது, டிஏ எண் ஆல்டிமீட்டரில் வரும் முன்பே நிலம் வந்துவிடும்.

செட்டிங் சரியாக இருந்தும் ஒரு சிறு வித்தியாசம் மிஞ்சினால் வெப்பம் காரணமாக இருக்கலாம். திட்ட (தரநிலை) வெப்பநிலையை விட 10 டிகிரி கூடினால், நிலையத்துக்கு மேலுள்ள உயரத்தில் சுமார் 4 சதவீதம் ஆல்டிமீட்டர் குறைத்துக் காட்டும். 20 டிகிரி கூடுதலான கோடை நாளில், தரைக்கு 1600 அடி மேலே சரியாகக் கிளைடுபாத்தில் இருந்தாலும் 120 அடிக்கு மேல் குறைவாகக் காட்டும். எஃப்ஏஎஃப்புக்கு வெகுமுன்பே கிளைடுபாத்தைப் பிடித்து இறங்குபவர் வெயில் நாளில் படியிறக்க உயரங்களை மீறுவது இதனால்தான். எஃப்ஏஎஃப் வரை ஆல்டிமீட்டரும் சார்ட் உயரங்களும்தான் சட்டம். வித்தியாசத்துக்கு வெப்பத்தாலும் விளக்கம் கிடைக்காவிட்டால் இறங்க வேண்டாம்.

இன்டெக் எரிகிறது, நிலை போய்விட்டது

இன்டெக் என்பது நிலையை நம்ப முடியாது என்ற எச்சரிக்கை. எஃப்ஏஎஃப்புக்குப் பின் என்றால் விவாதமில்லை, மிஸ்டு அப்ரோச் (இறங்காமல் மேலே ஏறிப் போவது). அமெரிக்காவில் ஜிபிஎஸ் முழுதாகப் போனாலும் 100 கடல் மைலுக்குள் விஓஆர் (தரை ரேடியோ வழிகாட்டி) அல்லது ஐஎல்எஸ் மூலம் இறங்க ஒரு விமான நிலையம் கிடைக்கும்படி விஓஆர் குறைந்தபட்ச வலையமைப்பு வைத்திருக்கிறார்கள். விஓஆர் ரிசீவர் சோதனையைக் காலாவதியாக விடாதீர்கள்.

மேலே பாதுகாப்பான உயரத்தில் நிலைத்ததும் ஒரு கேள்வி: பேனல் கருவி மட்டும் போனதா, ஐபேடும் சேர்ந்து போனதா? எல்லாம் ஒன்றாகப் போனால் வெளியிலிருந்து வரும் குறுக்கீடாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏடிசியிடம் நேரம், இடம், உயரம் சொல்லுங்கள். ஆனால் முதலில் காக்பிட்டில் உள்ள மலிவு யுஎஸ்பி சார்ஜரையும் கேமராவையும் பிடுங்கிப் பாருங்கள்.

பேனல் மட்டும் போய், அதுவும் நீங்கள் மைக்கை அழுத்தும்போதெல்லாம் போகிறதென்றால் குற்றவாளி உங்கள் ரேடியோ. ஜிபிஎஸ் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். அதை 13ஆல் வகுத்தால் 121.19 அருகில், 12ஆல் வகுத்தால் 131.29 அருகில் வரும். அந்த இடத்தில் ரேடியோ ஒலிபரப்பினால் அதன் பெருக்கல் அலை ஜிபிஎஸ் மேலேயே விழுகிறது. திறந்த வெளியில் விமானத்தை நிறுத்தி, சிக்னல் பட்டைகள் நன்றாக நின்றபின் 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஒவ்வொன்றிலும், யாரும் பேசவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, அரை நிமிடம் மைக்கை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு ரேடியோவுக்கும் தனித்தனியே. பட்டைகள் சரிந்தால் இஎல்டியின் (விபத்தில் இடம் காட்டும் அவசர ஒலிபரப்பி) ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். இப்போது சரியாக இருந்தால், ரேடியோ அலையை இஎல்டி உள்வாங்கி மறுபடி வீசுகிறது. இல்லையென்றால் ரேடியோவின் கோஆக்ஸ் கேபிளில் குறிப்பிட்ட அலைவரிசையைத் தடுக்கும் ஒரு நாட்ச் ஃபில்டர் போட வேண்டியிருக்கும்.

மழைக்குப் பிறகு மட்டும் வரும் கோளாறு பெரும்பாலும் ஆன்டெனா அடியில் சீலன்ட் விரிந்து நீர் இறங்கியதால். கனெக்டரைக் கழற்றினால் நடு முள்ளில் பச்சை படிந்திருக்கும்.

மிஸ்டு அப்ரோச்சில் கருவி அடுத்ததுக்குப் போகவில்லை

அது கோளாறே இல்லை. மிஸ்டு அப்ரோச் பாயின்டைத் தாண்டியதும் சஸ்ப் எரிந்து கருவி காத்திருக்கும். ஓபிஎஸ்ஸை அழுத்தினால்தான் மிஸ்டு லெக் தொடங்கும். எப்போது அழுத்துவது என்பதில்தான் தவறு நடக்கிறது. சார்ட்டில் "1500 அடிக்கு ஏறி, பிறகு இடப்பக்கம் திரும்பி" என்றிருக்கும். ஆல்டிமீட்டர் இணைப்பு இல்லாத கருவிக்கு 1500 வந்தது தெரியாது. 700 அடியில் பட்டனை அழுத்திவிட்டால் ஹோல்டிங் ஃபிக்ஸுக்கு நேர்க்கோடு போட்டுத் தரும், ஆட்டோபைலட் அந்தப் பக்கம் திரும்பும், அங்கே குன்று இருக்கலாம். பவர், மூக்கு மேலே, ஃபிளாப், நேராக ஏற்றம், சார்ட் சொன்ன உயரம், அதன் பிறகு ஓபிஎஸ். முன்கூட்டியே கைவிட முடிவு செய்தாலும், ஏறுவது உடனே, திருப்பம் மட்டும் பாயின்ட்டைத் தாண்டிய பிறகு.

தரையிறங்கியதும் ஏவியானிக்ஸ் பணிமனைக்கு எழுதும்போது "ஜிபிஎஸ் சரியில்லை" என்று விடாதீர்கள். கீழ் மூலையில் இருந்த எழுத்து, வந்த செய்தியின் முழு வாசகம், யுடிசி நேரம், அப்போது ரேடியோவில் இருந்த அலைவரிசை, மழையா வெயிலா, செயற்கைக்கோள் பக்கத்தின் போட்டோ ஒன்று. இவ்வளவும் இருந்தால் மெக்கானிக் கேபிளைத் தேடத் தொடங்குவார். இல்லையென்றால் ஹேங்கருக்கு வெளியே பவர் போட்டுப் பார்த்து, கோளாறு காணவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவார்.